பனியாற்றில் நாய் ஸ்லெட்: அலாஸ்காவில் ஹெலிகாப்டரில் போய் வருவது எப்படி?

கோடையில் அலாஸ்காவின் ஜூனோவுக்குப் போனால், ஹெலிகாப்டரில் ஏறிப் பனியாற்றின் (கிளேசியர்) மேல் இறங்கி, நாய்கள் இழுக்கும் ஸ்லெட்டை (பனியில் சறுக்கும் வண்டி) நாமே ஓட்டிப் பார்க்கலாம். முதல் தடவை ஹெலிகாப்டர் தளம் வரை போய், பறக்காமலே திரும்பி வந்தேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் கைகூடியது. இரண்டு பயணத்திலும் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

1. மாதம்

மே முதல் ஆகஸ்ட் வரைதான் சீசன். என்னைக் கேட்டால் மே கடைசி அல்லது ஜூன். கோடை முற்ற முற்ற மேலே பனி இளகிவிடும். ஸ்லெட் வழுக்கி ஓடாமல் புதையும்.

2. முன்பதிவு (நான் கோட்டைவிட்ட இடம்)

ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. கப்பலில் வரவேண்டும், இல்லை விமானத்தில். முதல் தடவை நான் கப்பலில் போனேன். கப்பல் அங்கே நின்றது ஒரே ஒரு பகல். அதில் மதியத்துக்குப் பதிவு செய்திருந்தேன். ஊரில் நல்ல வெயில். எடை பார்த்து, பூட்ஸ் மாட்டி, இடுப்பில் மிதவைப் பையும் கட்டி உட்கார வைத்தார்கள். பத்து நிமிஷத்தில் பைலட் வந்து, மேலே மேகம் படுத்துவிட்டது, இன்று பறக்க முடியாது என்றார்.

கீழே வெயில் அடிக்கிறதே என்று அப்போது மனம் ஆறவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. கீழே வெள்ளைப் பனி, மேலே வெள்ளை மேகம் என்றால் தரை எங்கே தொடங்குகிறது என்று பைலட்டின் கண்ணுக்கே பிடிபடாது. ஊர் வானத்துக்கும் பனியாற்று வானத்துக்கும் சம்பந்தமே இல்லை. தவிர, ஜூனோ மழைக்காட்டுப் பகுதி. வருஷத்தில் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் மழை. பணம் முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் சாயங்காலம் கப்பல் கிளம்பிவிட்டது, அந்த நாளைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

இரண்டாவது தடவை விமானத்தில் போய் நான்கு இரவு தங்கினேன். வந்த மறுநாள் காலைக்கே பதிவு செய்தேன். அன்றும் ரத்துதான்! ஆனால் அடுத்த நாளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், பறந்துவிட்டோம். முடிந்தால் இப்படியே செய்யுங்கள். கப்பலில்தான் வருவீர்கள் என்றால் கப்பல் மூலமாகவே பதிவு செய்யுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும், திரும்பத் தாமதமானால் அது அவர்கள் பொறுப்பு.

செலவு ஆளுக்கு 500 டாலருக்குக் குறையாது. அதனால் வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் உண்டா என்று பதிவு செய்யும்போதே படித்துப் பாருங்கள்.

3. எடை

போட்டிருக்கும் உடையோடு எடை பார்ப்பார்கள். பொதுவாக 250 பவுண்டுக்கு (சுமார் 113 கிலோ) மேல் போனால் கூடுதல் கட்டணம். யார் எங்கே உட்காருவது என்பதும் எடையைப் பொறுத்ததே. ஜன்னலோரம் கேட்டு மல்லுக்கு நிற்காதீர்கள்.

4. உடை

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளியோ ஃப்ளீஸோ உள்ளே, மழை தாங்கும் ஜாக்கெட் வெளியே. உங்கள் ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ள பூட்ஸ் அவர்களே தருவார்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகவே கூடாது. வெயில் பனியில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் பூசுங்கள். பையை ஏற்ற மாட்டார்கள். பெரிய கேமராவைவிட, மணிக்கட்டில் வார் கட்டிய போன் எவ்வளவோ மேல்.

5. பறப்பது

ஹெலிகாப்டரை முன்பக்கமாக மட்டுமே நெருங்கவேண்டும், வால் பக்கம் போகவே கூடாது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மெண்டன்ஹால், ஹெர்பர்ட், நோரிஸ் என்று நீங்கள் கேள்விப்படும் பனியாறுகள் எல்லாம் ஜூனோ பனிவெளி என்ற ஒரே பரப்பிலிருந்து இறங்குபவை. பனிப் பிளவுகளின் நீலம் தெரியும்போது போனைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

6. ஸ்லெட்டில் நிற்பது

படங்களில் வரும் புசுபுசு நாய்களை எதிர்பார்க்காதீர்கள். இவை அலாஸ்கன் ஹஸ்கி. ஓடுவதற்காகவே வளர்த்த கலப்பினம், ஒல்லி உடம்பு, நீண்ட கால். சேணத்தைக் கையில் எடுத்ததுமே எல்லாம் சேர்ந்து குரைக்கும், நின்ற இடத்திலேயே துள்ளும்.

ஸ்லெட்டைப் பிடித்து வைத்திருப்பது பனியில் குத்திய ஓர் இரும்புக் கொக்கி. மஷர் (நாய்களை ஓட்டுபவர்) அதை உருவியதும் வெடுக்கென்று ஓர் இழுப்பு. நான் முழங்காலை விறைத்து நின்றிருந்தேன். இடது கால் சட்டத்திலிருந்து (ஸ்லெட்டின் அடியில் பனியில் வழுக்கும் நீளக் கட்டை, அதன் பின்முனையில்தான் நிற்பது) நழுவி, ஒற்றைக் காலில் தொங்கினேன். அந்த பூட்ஸ் தொளதொளவென்று இருப்பதால் விரல் நுனியில் நின்றால் வழுக்கும். பாதத்தின் நடுப்பகுதி சட்டத்தின் மேல் இருக்கட்டும். முழங்காலை மடக்கி, உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடியுங்கள். விழப்போனாலும் கையை விடாதீர்கள்.

கிளம்பிய மறுநொடி குரைப்பு சுத்தமாக நின்றுவிடும். சட்டம் பனியை உரசும் சத்தம், நாய்களின் மூச்சு, அவ்வளவுதான். என் கண்ணில் நீர் வந்த இடம் அது.

"ஹைக்" என்றால் ஓடு, "ஜீ" வலது, "ஹா" இடது, "வோ" நில். கட்டளை கொடுப்பதை மஷரே பார்த்துக்கொள்வார். நடுவில் நிறுத்தும்போது நாய்கள் ஓடிய சூட்டில் பனியைக் கவ்வித் தின்னும். கேட்டுவிட்டுத் தொடுங்கள். முன்வரிசை நாய் ஒன்று ஈர முதுகை என் முழங்காலில் அழுத்திச் சாய்ந்து நின்றது, கையை எடுத்தால் மூக்கால் முட்டியது.

மஷரிடம் இடிட்டராட் பற்றிக் கேளுங்கள். 1973-இல் தொடங்கிய, ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறக்குறைய 1,000 மைல் ஓடும் பந்தயம் அது. நான் பேசியவர் தன் நாய்களை அதற்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தார். ஊரின் கோடைச் சூட்டில் அவற்றால் ஓட முடியாது, அதனால்தான் மேலே கொண்டுவருகிறார்கள்.

டிப்ஸுக்கு டாலர் நோட்டை ஜிப் வைத்த பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: விசாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டது என் தவறு. அமெரிக்காவின் சியாட்டிலில் கப்பல் ஏறிய வாசகர் ஒருவர் இதில் மாட்டிக்கொண்டார். அங்கிருந்து கிளம்பும் அலாஸ்கா கப்பல்கள் வழக்கமாகக் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். இந்திய பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும்.

இன்னொருவர் குழந்தையோடு போகலாமா என்று கேட்டிருந்தார். வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள். கழிப்பறைக்குக் கீழேயே போய்விட்டு ஏறச் சொல்லுங்கள்.