முகமூடி ராப்பர்கள்: பேசும்போது நாம் சறுக்கும் இடங்கள்

முகமூடி என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது 'முகமூடிக் கொள்ளையர் கைவரிசை' என்கிற செய்தித்தாள் தலைப்புதான். அதனாலோ என்னவோ, முகத்தை மூடிக்கொண்டு பாடும் ராப்பரைப் பார்த்த உடனே 'ஆள் யாரென்று தெரியக்கூடாது, அதான் மறைக்கிறார்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரும்பு முகமூடி போட்டுப் பாடிய ராப்பர் எம்எஃப் டூம் விஷயத்தில் அது சுத்தத் தப்பு.

ஏனென்றால் டூமின் முகம் ஏற்கெனவே வெளியே தெரிந்த முகம். இயற்பெயர் டேனியல் டுமிலே, 1971இல் லண்டனில் பிறந்து நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். ஸெவ் லவ் எக்ஸ் என்ற பெயரில், தம்பி சப்ராக்கோடு சேர்ந்து கேஎம்டி என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தார். 1991இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு முழுக்க மீசை அரும்பியும் அரும்பாமலும் நிற்கிற பையனின் அவஸ்தைதான். வீடியோவில் அந்தப் பூனைமுடி முகத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். பின்னால் ரசிகர்கள் வலைபோட்டுத் தேடிய முகம், வாழ்க்கையை ஆரம்பித்ததே தன் முகத்தைப் பற்றிப் பாடித்தான்!

1993இல் சாலையைக் கடக்கும்போது கார் மோதி சப்ராக் இறந்துபோனார், இருபது வயதுகூட ஆகவில்லை. அடுத்த வருஷம், முடித்து வைத்திருந்த இரண்டாவது ஆல்பத்தை எலெக்ட்ரா இசை நிறுவனம் வெளியிட மறுத்துவிட்டது. கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பழைய கார்ட்டூன் உருவம் ஒன்று தூக்கில் தொங்குவதுபோல் அட்டைப்படம் போட்டிருந்தார்கள், அதுதான் பிரச்சினை. தூக்கில் போட்டது அந்தக் கேலியைத்தான் என்று விளக்கியும் எடுபடவில்லை. தம்பியும் போய், குழுவும் போய், நாலைந்து வருஷம் மனிதரையே காணோம். அப்புறம் 1997, 98 வாக்கில் மன்ஹாட்டனில் இருக்கும் நுயோரிகன் பொயட்ஸ் கஃபேயில், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்ற இரவுகளில், பெண்கள் காலில் அணியும் மெல்லிய ஸ்டாக்கிங்கை முகத்தில் இழுத்து மாட்டிக்கொண்டு ஒருவர் வந்து பாட ஆரம்பித்தார், அதே டுமிலேதான்.

இங்கேதான் அடுத்த சறுக்கல். அந்த இரும்பு முகம் முதல் நாளிலிருந்தே இருந்ததாகவும், மார்வெல் காமிக்ஸ் டாக்டர் டூமின் முகமூடியை அப்படியே செய்து மாட்டிக்கொண்டதாகவும் எழுதுகிறார்கள். பெயரும் வில்லன் கருவும் 1962இல் அறிமுகமான அந்த காமிக்ஸ் பாத்திரத்திலிருந்து வந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் டி-ஷர்ட்டில் பார்க்கிற உலோக முகம், கிளாடியேட்டர் படத் தலைக்கவசத்தின் நகலிலிருந்து முகப்பகுதியை மட்டும் கழற்றி எடுத்துச் செய்தது. படம் வெளியானது 2000இல், டூமின் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' ஆல்பம் வந்ததோ 1999இல். கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

முகமூடி ஏன் என்பதற்கு அவரே பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் ஒன்றுதான்: ராப் என்பது ஆள் எப்படி இருக்கிறார், என்ன போட்டிருக்கிறார் என்று பார்க்கிற சமாச்சாரமாகிவிட்டது, என்னைப் பார்க்காதே, நான் சொல்வதைக் கேள். இந்தத் தத்துவத்தை அவர் எவ்வளவு தூரம் இழுத்தார் என்றால், 2007, 2008 வாக்கில் சில நிகழ்ச்சிகளுக்குத் தன் முகமூடியை மாட்டி வேறு ஆளையே மேடையேற்றி வாயசைக்க வைத்தார். கேட்டதற்கு, பாத்திரத்தை எழுதுகிறவன் நான், யார் நடிக்க வேண்டும் என்பதும் என் இஷ்டம் என்கிற தொனியில் பதில் சொன்னார். இதைப் பெரிய கலைச் செயல் என்று சிலாகிப்பவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து வரிசையில் நின்றவன் கூச்சல் போட்டதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. வில்லன் என்றால் வில்லத்தனம் பண்ணத்தான் செய்வான், சரி, அதற்காக ரசிகனிடமா?

'டூம்தான் முதல்' என்பதும் தவறு. 1983இலேயே 'பீட் பாப்' என்ற இசைத்தட்டில் பாடிய ரம்மெல்ஸீ, குப்பையில் கிடைத்த பிளாஸ்டிக்கையும் பொம்மைத் துண்டுகளையும் கோத்துத் தலை முதல் கால்வரை கவசமும் முகமூடியும் செய்து அணிந்தவர். நியூயார்க் சுரங்க ரயில்களில் கிராஃபிட்டி எழுதி வளர்ந்த அவருக்கு எழுத்துகளே ஆயுதம், அந்த உடைகள் அவற்றின் போர்க்கோலம். 1993இல் வூ-டாங் கிளான் என்ற நியூயார்க் ராப் குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது அட்டையில் இருந்ததும் முகம் தெரியாத உருவங்கள்தான். அதற்குப் பெரிய தத்துவம் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: படமெடுக்கும் நாளில் எல்லோரும் வரவில்லை, ஆள் குறைவு தெரியாமலிருக்க முகத்தை மூடிவிட்டார்கள் என்றுதான் கதை சொல்கிறார்கள்.

டிரில் என்ற ராப் வகையைப் பாடும் லண்டன் பாடகர்களின் பாலக்ளாவாவை, அதாவது முகத்தையும் மூடும் பனிக்குல்லாயை, வெறும் ஸ்டைல் என்றோ, ரவுடித்தனம் என்றோ ஒரே வரியில் தள்ளுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. பிரிக்ஸ்டன் பக்கத்து 67 என்ற டிரில் குழுவின் ராப்பர் எல்டிக்கு, பழைய பெயரில் பாடக்கூடாது என்று நீதிமன்றத் தடையே இருந்தது. பெயரை மாற்றி, முகமூடி மாட்டித்தான் பாடினார். 2018இல் 1011 என்ற குழுவைச் சேர்ந்த ஐந்து பேருக்கு, வீடியோ வெளியிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும், மேடை ஏறுவதென்றால் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அவர்கள் கும்பல் சண்டைக்கு ஆயுதங்களோடு கிளம்பிப் பிடிபட்டவர்கள் என்பதும் உண்மை, அதை மறைத்துவிட்டு இவர்களைத் தியாகிகளாக்க வேண்டியதில்லை. ஆனால் போலீஸ் யூடியூபைப் பார்த்துக் குறிப்பெடுக்கிற ஊரில் முகத்தை மூடுவதற்கு டூமின் காரணம் பொருந்தாது. அமெரிக்காவில் மெம்பிஸ் ராப்பர் பூ ஷைஸ்டி போட்டுப் பிரபலமாக்கியதால் அந்தப் பனிக்குல்லாய்க்கு 'ஷைஸ்டி' என்றே பெயர் விழுந்து, கடைசியில் 2023இல் பிலடெல்ஃபியா நகர மன்றம் பள்ளி, பூங்கா, பேருந்து போன்ற இடங்களில் அதைத் தடை செய்கிற அளவுக்குப் போனது.

ஜெர்மனி வேறு கதை. பெர்லின் ராப்பர் சிடோ 2004இல் வெள்ளி நிற மண்டையோட்டு முகமூடியோடு வந்து, ஆல்பத்துக்கே 'மாஸ்கே', அதாவது முகமூடி என்று பெயர் வைத்தார், பெயர் நிலைத்ததும் கழற்றிவிட்டார். க்ரோ போட்டது பாண்டா கரடி முகம். இரண்டிலும் வியாபாரக் கணக்கு பாதி. ஹெய்ட்டி வம்சாவளி அமெரிக்க ராப்பர் மாக்-ஹோமி முகத்தில் கட்டுவதோ ஹெய்ட்டி நாட்டுக் கொடித் துணி, அதைத் துணி என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் பாதி விஷயம் போய்விடும்.

கடைசியாக ஒன்று, சின்னதுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது டூம் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும், அதற்கென்றே 2004இல் பாட்டுப் போட்டுச் சொல்லியிருக்கிறார், ரசிகர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. இந்த ஒரு தப்பை மட்டும் நம்மால் செய்யவே முடியாது.