தாழ்த்திய காரில் டயர் உரசலும் வீல் அலைன்மென்ட்டும்: எதை முதலில் பார்ப்பது

ஸ்பிரிங்கை மாற்றிக் காரின் உயரத்தைக் குறைத்த கையோடு வீல் அலைன்மென்ட்டுக்கு, அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்ய, கொண்டுபோய் நிறுத்துவது பலரின் வழக்கம். அந்தச் செலவு பெரும்பாலும் வீணாகிறது. புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் தன் உயரத்தில் அமரும். அதோடு, டயர் உரசலைத் தீர்ப்பதற்காகச் செய்கிற மாற்றங்கள் கோணங்களை மறுபடியும் கலைத்துவிடும். ஆகவே முதலில் உயரம், அடுத்து இடைவெளி, கடைசியில்தான் கோணங்கள்.

உயரம் அமர்ந்ததும், சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடையைத் தாங்கும் நிலையில், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ்களின் (அதன் மூட்டிலுள்ள ரப்பர் உருளைகளின்) போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

உரசும் இடத்தை ஊகிக்காமல் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. வண்டியை ஜாக் ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, ஸ்ட்ரட்டிலிருந்து (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) ஸ்பிரிங்கை மட்டும், அதற்குரிய கம்ப்ரஸரைக் கொண்டு கழற்றி, பம்ப் ஸ்டாப்பை (ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது முட்டும் தடுப்பு) உள்ளேயே விட்டு ஸ்ட்ரட்டைத் திரும்ப மாட்டுங்கள். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பையும் அந்தப் பக்கம் கழற்றிவிட்டு, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்து, பம்ப் ஸ்டாப் முட்டும்வரை சக்கரத்தை மெல்ல உயர்த்துங்கள். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பினால், ஃபெண்டரின் உள்மடிப்பு, பிளாஸ்டிக் உறை, பிரேக் ஹோஸ் ஆகியவற்றில் எதை டயர் தொடுகிறது என்பது தெரிந்துவிடும். அரைநாள் பிடிக்கும் வேலைதான். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது டயரின் பக்கச்சுவர் கிழிவதைவிட இது மேல்.

ரிம்மும் மாற்றியிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பொருந்தும் முகம்வரையுள்ள தூரம், மி.மீ. கணக்கில். 6 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்முக்குப் பதிலாக 7 அங்குலம், 40 ஆஃப்செட் மாட்டுவதாகக் கொள்வோம். ஓர் அங்குலம் கூடுவதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. நீள்கிறது, ஆஃப்செட் 5 குறைவதால் ரிம் முழுவதும் 5 மி.மீ. வெளியே தள்ளப்படுகிறது. ஆக வெளிவிளிம்பு 17.7 மி.மீ. வெளியேயும், உள்விளிம்பு 7.7 மி.மீ. ஸ்ட்ரட்டை நோக்கி உள்ளேயும் போகும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் தகடு, உள்ளே கொடுக்கும் இடத்தை வெளியே பிடுங்கிக்கொள்ளும். வெளியே உரசினால், பெயின்ட்டைச் சூடாக்கி இளக்கியபடி ஃபெண்டரின் உள்மடிப்பை மெல்ல மடக்குவதும், தடிமனான பம்ப் ஸ்டாப் போடுவதும் நேர்மையான தீர்வுகள்.

கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தை, கூட்டி உரசலை மறைப்பது குறுக்குவழி. உச்சி உள்ளே சாய்ந்தால் அது நெகட்டிவ் கேம்பர். 600 மி.மீ. விட்டமுள்ள டயரில் ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர், டயரின் உச்சியை அச்சின் மையத்தைவிட ஏறக்குறைய 5 மி.மீ. தான் உள்ளே சாய்க்கும். தாழ்த்தியதாலேயே கேம்பர் ஓரளவு கூடியிருக்கும் என்பதால், சாலையில் ஓடும் காருக்கு ஒன்றரை டிகிரியைத் தாண்டுவதை நான் விரும்புவதில்லை. கூடியிருப்பதைக் குறைக்க, ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதியில் கேம்பர் போல்ட் போடலாம்.

டயரைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் அல்ல, டோ; அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் லோயர் ஆர்மும் வெவ்வேறு வட்டப்பாதைகளில் அசைவதால் உயரம் குறைந்ததும் டோ மாறிவிடும். ஸ்பிரிங் அமரும்வரை தற்காலிகமாகச் சரிபார்க்க, காரின் இரு பக்கமும் நடுக்கோட்டுக்கு இணையாகக் கயிறு கட்டி, ரிம்மின் முன், பின் விளிம்புகளிலிருந்து கயிறுவரை அளந்துகொள்ளுங்கள். விளிம்புகளுக்கு இடையே 400 மி.மீ. இருந்தால், 1 மி.மீ. வேறுபாடு என்பது ஏறக்குறைய 0.14 டிகிரி.

இறுதி அலைன்மென்ட்டின்போது டயர் காற்றழுத்தம் சரியாகவும், எரிபொருள் வழக்கமான அளவிலும் இருக்கட்டும். சரிசெய்ய இடமிருந்தால் பின் சக்கரங்களை முதலில் முடித்துவிட்டு முன்னே வர வேண்டும். கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் டோவைக் கடைசியாக வையுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி, இரு டை ராடுகளையும் தனித்தனியே திருப்பிச் சரிசெய்து, லாக் நட்டுகளை இறுக்கச் சொல்லுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடிய பின் டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காகத் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் பட்டால், டோ இன்னும் சரியாகவில்லை.