லாப் ஸ்ரீல் கிற்றாரில் பெண்டர் பிரிட்ஜ் பூட்டும் முறை

மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்ரீல் கிற்றாரில், தந்திகளின் மேல் வைத்து வாசிக்கும் உலோகப் பாரை நகர்த்தினால், அதன் கீழே இருக்கும் எல்லாத் தந்தியும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒற்றைத் தந்தியில் கமகம் இழுக்க அது அருமையான வசதி. ஆனால் ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் ஒலிக்க, காந்தாரம் மட்டும் மத்யமத்துக்கு ஏற வேண்டுமென்றால் பாரால் முடியாது. சரித்துப் பிடித்து ஓரளவு சமாளிக்கலாம், சுருதி சுத்தமாக நிற்பது கடினம். அந்த வேலையைத்தான், தந்திகள் வந்து அமரும் வழக்கமான பிரிட்ஜுக்குப் பதிலாகப் பூட்டும் பெண்டர் பிரிட்ஜ் செய்கிறது. வலது உள்ளங்கையால் ஒரு லீவரை அழுத்தினால் அந்த ஒரு தந்தி மட்டும் இறுகி, அரைச் சுரமோ முழுச் சுரமோ மேலே போகும். ஜேர்மனியின் டூசன்பெர்க் நிறுவனம் செய்யும் மல்டிபெண்டர் இவற்றில் பெயர் பெற்றது. அதன் லீவர்களை வேண்டிய தந்திக்கு மாற்றிப் பூட்டலாம்.

வன்னிக்கு இப்படியான பொருள் பெரும்பாலும் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் சொந்தக்காரரின் பொதியில்தான் வந்து சேரும். திருப்பி அனுப்புவது இலேசில்லை. ஆகவே வாங்கச் சொல்லும் முன்பே மூன்று அளவுகளை எடுத்து அனுப்புங்கள்: பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையிலான அகலம், மரத்தின் மேலிருந்து தந்தி நிற்கும் உயரம், பழைய பிரிட்ஜுக்குப் பின்னால் மிஞ்சும் மரத்தின் நீளம். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள். பெண்டர் பிரிட்ஜ் சாதாரண பிரிட்ஜை விட நீளமானது.

இடம் குறித்தல்

முழு வேலையிலும் இதுதான் முக்கியம், அரை நாள் போனாலும் பரவாயில்லை. லாப் ஸ்ரீலில் இருப்பது தந்தியை அழுத்திப் பிடிக்கும் உண்மையான பிரெட் கம்பிகள் அல்ல, கோடுகள்தான். பார் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே நிற்கும்போது சுரம் சரியாக வர வேண்டுமானால், தலைப்பக்க நட்டிலிருந்து 12ஆம் கோடு வரையுள்ள தூரமும், அந்தக் கோட்டிலிருந்து தந்தி அமரும் சேடில் வரையுள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பல லாப் ஸ்ரீல்களின் முழு நீளம் 22.5 அங்குலம், அதாவது 571.5 மில்லிமீற்றர். அப்படியானால் பாதி 285.75. உங்கள் கருவியை நீங்களே அளந்து பாருங்கள், விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

தந்திகளைக் கழற்றி, பழைய பிரிட்ஜை எடுங்கள். அதன் அடியில் மெல்லிய கம்பி ஒன்று வந்து தொட்டுக்கொண்டிருக்கும். அது எர்த் கம்பி, அறுத்துவிடாதீர்கள். மரத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் சேடில் கோட்டைக் கீறுங்கள். பிறகு தையல் நூல் இரண்டை நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்து புதிய பிரிட்ஜ் வரை இழுத்துப் பிடியுங்கள். இரண்டு நூலும் கழுத்தின் விளிம்பிலிருந்து ஒரே அளவு உள்ளே ஓடினால் பிரிட்ஜ் நேராக இருக்கிறது. சேடில்களை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால் அவற்றை நடுவில் வைத்துக்கொண்டே குறியுங்கள்.

துளை போடுதல்

நம்மூர்த் தச்சுப்பட்டறையில் பழைய கதவு நிலையின் முதிரை மரத்திலோ பாலை மரத்திலோ செய்த கருவி என்றால் கவனம் வேண்டும். முதிரை நல்ல இறுக்கமான மரம், பெண்டருக்கு அது பெரிய நன்மை. மென்மையான மரத்தில் ஒரு தந்தியை இழுக்கும்போது உடல் துளியளவு வளைந்து மற்றத் தந்திகளின் சுருதி இறங்கும். வைரம் பாய்ந்த தடித்த மரத்தில் அது குறைவு. ஆனால் துளை சிறியதாக இருந்தால் மரம் வெடிக்கும், அல்லது திருகாணியின் தலை அறும். 4 மில்லிமீற்றர் திருகாணிக்கு 3 மில்லிமீற்றர் துளை போடுங்கள். எவ்வளவு ஆழம் என்பதை ட்றில் அலகிலேயே ரேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். திருகாணியில் கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்து, திருப்புளியால் கையாலேயே முடுக்குங்கள்.

கடைசித் திருகாணிக்கு முன், எர்த் கம்பியின் நுனியைச் சுரண்டிப் புதிய பிரிட்ஜின் அடியில் படும்படி வையுங்கள். மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மற்றதை அம்ப்ளிபயர் வயர் செருகும் ஜக்கின் வெளி உலோகத்திலும் தொட்டால் இணைப்புக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அம்ப்ளிபயரில் உறுமல் கேட்கும்.

தந்தியும் சுருதியும்

தந்திகளைப் போட்டதும் பாரை மேலே கிடத்திப் பாருங்கள். ஆறும் ஒரே சமமாகப் பாரைத் தொட வேண்டும், வளைந்த மட்டம் இங்கே உதவாது. மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது தந்தி சுற்றில்லாத வெறும் உருக்குத் தந்தியாக இருப்பது நல்லது.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஓபன் டி, அதாவது பாரை வைக்காமலே மீட்டினால் டி கோர்ட் ஒலிக்கும் சுருதி: தடித்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஒரு லீவரை மூன்றாவது தந்திக்கும் மற்றதை இரண்டாவதற்கும் பூட்டுங்கள். டி ஸட்ஜமானால் மூன்றாவது தந்தி அந்தர காந்தாரம், அது ஜி என்ற சுத்த மத்யமத்துக்கு ஏற வேண்டும். இரண்டாவது பஞ்சமம், அது பி என்ற சதுச்ருதி தைவதத்துக்கு. இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் முதல் நான்கு தந்திகளில் டி கோர்ட் ஜி கோர்டாக மாறும். தேவாலயப் பாடலுக்கு வாசிப்பவருக்கு இது உடனே கைகொடுக்கும். சங்கராபரணம் வாசிப்பவருக்கும் இந்தச் சுரங்கள் எல்லாம் வேண்டியவைதான்.

வரிசை மாறக் கூடாது: முதலில் லீவரைத் தொடாமல் தந்தியை ரியூன் செய்யுங்கள். பிறகு லீவரை முட்டும் வரை அழுத்தி, நிறுத்தத் திருகாணியைத் திருகி மேல் சுரத்தைச் சரிசெய்யுங்கள். விட்டபின் தந்தி பழைய சுருதிக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் பெரும்பாலும் தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் வாசித்து முடிந்ததும் லீவரையும் தந்தியையும் உலர்ந்த துணியால் துடைத்து, மூட்டுகளில் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். உப்புக்காற்றில் முதலில் துரு ஏறுவது அங்கேதான். லீவர் பூட்டிய இரண்டு தந்திகளும் மற்றவற்றுக்கு முன்பே அறும். அந்த இரண்டிலும் மேலதிகமாக ஒவ்வொன்று வாங்கி வைத்திருங்கள்.