கன்சோல் கேம்களை மலிவாக வாங்கப் போய்ச் செய்யும் தவறுகள்

கேம் விலையில் பெரிய நஷ்டம் பலருக்கும் முதல் கேமை வாங்கும் முன்பே வந்துவிடுகிறது. டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோலின் (கேம் ஆடும் கருவியின்) விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். 'இந்தக் காலத்தில் யார் டிஸ்க் வாங்குகிறார்கள்' என்று அதையே எடுத்துவிடுகிறோம். 2020 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 5, டிரைவ் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு வடிவங்களில் வந்தது. அதே மாதம் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிரைவே கிடையாது. டிரைவ் இல்லை என்றால் அந்த நிறுவனத்தின் ஆன்லைன் ஸ்டோர் சொல்வதுதான் விலை. செகண்ட் ஹேண்டில் டிஸ்க் வாங்க முடியாது. நண்பரிடம் இரவல் கேட்க முடியாது. முடித்த கேமை விற்கவும் முடியாது. எங்காவது ஒரு கடைக்காரர் தேங்கிய சரக்கைத் தள்ளிவிட விலையைக் குறைத்தால், அதுவும் உங்களுக்குப் பயன்படாது. கன்சோல் வாங்கும்போது மிச்சமான தொகை சில கேம்களிலேயே கரைந்துவிடும்.

ஏற்கெனவே அப்படி வாங்கிவிட்டவர்களில் ஒரு சாராருக்கு வழி இருக்கிறது. 2023 இறுதியில் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-க்கும், 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவுக்கும் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். முதல் தடவை மாட்டும்போது இணைய இணைப்பு வேண்டும், அவ்வளவுதான். 2020இல் வந்த டிஜிட்டல் பிளேஸ்டேஷனுக்கும் சீரிஸ் எஸ்ஸுக்கும் அந்த வசதி இல்லை.

டிஸ்க்தான் எப்போதும் மலிவு என்று சொல்லவில்லை. பழைய கேம்களுக்கு ஆன்லைன் ஸ்டோரில் வரும் சேல் விலை, சில சமயம் செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கை விடவும் கீழே போகும். ஆனால் இரண்டையும் ஒப்பிடும்போது பலர் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஒரு புது கேமை 100-க்கு டிஸ்க்காக வாங்கி, ஒரு மாதத்தில் முடித்து 65-க்கு விற்றால் உங்களுக்கு ஆன செலவு 35. அதே கேம் எட்டு மாதம் கழித்து டிஜிட்டலில் பாதி விலைக்கு வருகிறது, காத்திருந்து 50-க்கு வாங்குகிறீர்கள். பொறுமையாக இருந்தவருக்குத்தான் செலவு அதிகம்! கதையை ஒரு தடவை முடித்துவிட்டால் மறுபடி தொடத் தேவையில்லாத கேம்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். சீக்கிரம் முடிப்பவர்களுக்கு மட்டும், அதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் அலமாரியில் கிடந்தால் விற்கும் விலையும் விழுந்திருக்கும். வருடக்கணக்கில் தினமும் ஒரு மணி நேரம் ஆடப்போகிற கேம் என்றால் டிஜிட்டலிலேயே வாங்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் தேட வேண்டியதில்லை.

எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்ப்பது

'75 சதவீதத் தள்ளுபடி' என்ற பட்டையைப் பார்த்ததும் கை தானாக வாங்கும் பட்டனுக்குப் போகும். அந்த 75 சதவீதம் பெரும்பாலும் கேம் வெளியான நாளின் பட்டியல் விலையிலிருந்து கழிக்கப்பட்டது. டிஜிட்டல் ஸ்டோர்களில் அந்தப் பட்டியல் விலை பல சமயம் வருடக்கணக்கில் குறையாமலே நிற்கும். வெளியே எல்லோரும் பாதி விலைக்கு விற்கும்போதும் ஸ்டோரில் பழைய விலையே இருக்கும், அதிலிருந்துதான் சதவீதம் கணக்கிடுவார்கள். எனவே பார்க்க வேண்டியது அந்தக் கேம் இதற்கு முன் எவ்வளவு வரை இறங்கியிருக்கிறது என்பதை. விலை வரலாற்றைக் காட்டும் தளங்கள் இருக்கின்றன, டெகு டீல்ஸ் அதில் ஒன்று. நீங்கள் கேட்ட விலைக்கு வந்ததும் தகவல் அனுப்பும் வசதியும் இருக்கிறது. அங்கே இருக்கும் விலை வரைபடத்தை ஒரு முறை பார்த்தாலே தெரிந்துவிடும், ஒரே அடிமட்ட விலை வருடத்தில் பல முறை திரும்பத் திரும்ப வருகிறது. 'இன்று இரவோடு முடிகிறது' என்ற அவசரத்துக்கு அப்புறம் பெரிதாக மதிப்பிருக்காது. மே கடைசி, ஜூன் வாக்கில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி நடத்தும் டேஸ் ஆஃப் பிளே, நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே, ஆண்டு இறுதி விடுமுறைக் காலம் என்று பெரிய சேல்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

காத்திருப்பதிலும் ஒரு தவறு உண்டு. எல்லா நிறுவனங்களும் விலையை ஒரே மாதிரி இறக்குவதில்லை. ஆண்டுக்கு ஒன்று வரும் விளையாட்டுப் போட்டி கேம்கள் வேகமாக விழும், அடுத்த பதிப்பு வந்துவிட்டால் கேட்பாரில்லை. ஸ்விட்ச் கன்சோலைத் தயாரிக்கும் நிண்டெண்டோ தானே வெளியிடும் கேம்கள் அதற்கு நேர் எதிர். 2017 ஏப்ரலில் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ், பல ஆண்டுகளுக்குப் பிறகும் கிட்டத்தட்ட முழு விலையிலேயே விற்றது. பாதி விலைக்கு வரட்டும் என்று அதற்காகக் காத்திருந்தவர்கள் காத்திருந்ததுதான் மிச்சம். இந்த வகைக் கேமைக் கார்ட்ரிட்ஜாக (ஸ்விட்ச்சில் டிஸ்க்குக்குப் பதில் செருகும் சின்னக் கார்டாக) வாங்கி, ஆடி, விற்றுவிடுவது நல்லது. விலை இறங்காததால் விற்கும்போதும் நல்ல பணம் திரும்பும்.

முன்பதிவு செய்து முதல் நாளே முழு விலை கொடுப்பவர்களுக்கு, 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 என்ற கேம் ஒன்றே பாடமாகப் போதும். பழைய கன்சோல்களில் அது ஓடிய லட்சணத்தால், வெளியாகி ஒரு வாரம் தாண்டியதும் சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் அது திரும்ப வந்தது. பிந்தி வாங்கியவர்களுக்கு விலையும் குறைவு, கேமும் சரியாக ஓடியது. விரிவாக்கங்கள், அதாவது பிறகு தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள், வரப்போகிற கேம்களிலும் இதே கதை. தி விட்சர் 3 வந்தது 2015 மே மாதம். இரண்டு விரிவாக்கங்களையும் சேர்த்த முழுப் பதிப்பு 2016 ஆகஸ்டில் வந்தது. அடிப்படைப் பதிப்பை மலிவில் எடுத்துவிட்டு விரிவாக்கங்களைத் தனித்தனியாக வாங்குகிறவர், முழுப் பதிப்பின் சேல் விலையை விட அதிகமாகவே கொடுத்துவிடக்கூடும். தலைகீழான தவறும் நடக்கிறது. டீலக்ஸ் பதிப்பில் சதவீதம் பெரிதாகத் தெரியும், ஆனால் உள்ளே கூடுதலாக இருப்பது நாலு உடைகளும் ஒரு பாட்டுத் தொகுப்பும்தான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது, கேம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய கேம், இணைய இணைப்பு இல்லாமல் ஓடாது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை மூடினார்கள். அன்று முதல் டிஸ்க் கையில் இருந்தும் அதை ஆட முடியாது. இப்படிப்பட்ட டிஸ்க்குகள் பழைய சரக்குக் கூடையில் கிடக்கும், ரொம்ப மலிவாக. பெட்டியின் பின்பக்கம் 'ஆன்லைன் இணைப்பு அவசியம்' என்று இருந்தால், சர்வர் இருக்கிறதா என்று தேடிவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

டிஸ்க் இருக்கிறது என்பதாலேயே கேம் அதில் இருக்கிறது என்றும் நம்ப முடியாது. 2022இல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-இன் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி மட்டுமே, மீதி முழுவதும் டவுன்லோட். 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்குப் பல கேம்கள் 'கேம் கீ கார்டு' என்ற வடிவில் வருகின்றன. அந்தக் கார்டில் கேம் இருக்காது, இணையத்திலிருந்து இறக்க அனுமதிக்கும் சாவி மட்டும் இருக்கும். இதை மற்றவருக்கு விற்கலாம், இரவல் கொடுக்கலாம், எனவே பெரிய குறையில்லை. பெட்டிக்குள் டிஸ்க்கோ கார்டோ இல்லாமல், ஸ்டோரில் போட்டு கேமை இறக்கும் 'கோடு' (ரகசிய எண்) அச்சடித்த தாளை மட்டும் வைத்து விற்பதுதான் மோசம். ஒரு முறை பயன்படுத்திவிட்டால் தாளுக்கு மதிப்பில்லை, பழையது என்று விற்கும் அந்தப் பெட்டி வெறும் பிளாஸ்டிக். இதே காரணத்தால், செகண்ட் ஹேண்ட் 'கோல்ட் எடிஷன்' பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அதிலிருந்த டிஎல்சி (கேமோடு சேரும் கூடுதல் டவுன்லோட் பகுதி) கோடை முதல் ஆளே போட்டு முடித்திருப்பார்.

கீறலையும் கவனியுங்கள். பழைய சிடியைத் தேய்த்து மெருகேற்றிப் பிழைக்க வைத்தவர்கள், இன்றைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கேம்கள் வரும் ப்ளூ ரே டிஸ்க்கிலும் அதையே செய்யப் பார்ப்பார்கள். சிடியில் தரவு லேபிள் பக்கம் ஆழத்தில் இருக்கும். ப்ளூ ரேயில் படிக்கும் பக்க மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரிலேயே இருக்கிறது. மேலே கடினப் பூச்சு இருப்பதால் சுலபத்தில் கீறல் விழாது, ஆழமாக விழுந்துவிட்டால் தேய்த்துச் சரி செய்வதும் கடினம்.

வேறு நாட்டுப் பிரதி மலிவாகக் கிடைத்தால்? பிளேஸ்டேஷன் 4, 5, ஸ்விட்ச், இன்றைய எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் கேம் பொதுவாக ஓடும். சிக்கல் டிஎல்சியில் வரும். பிளேஸ்டேஷனில் டிஸ்க் எந்தப் பிராந்தியமோ அந்தப் பிராந்திய ஸ்டோரில் வாங்கிய டிஎல்சிதான் சேரும். பாதி கேம் மலிவு, மீதி கேம் கிடைக்காது என்ற நிலை வரும். மொழியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கவுண்டோடு விற்கும் கேம்

'இந்த அக்கவுண்டில் 40 கேம் இருக்கிறது, ஒரு கேம் விலைக்குத் தருகிறேன்' என்று வரும் விளம்பரங்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. நீங்கள் வாங்குவது கேம் இல்லை, வேறொருவர் பெயரில் பதிவான கணக்கின் பாஸ்வேர்டு. முதலில் பதிவு செய்தவரிடம் பழைய ரசீது இருக்கும், அதைக் காட்டி எப்போது வேண்டுமானாலும் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சில பேர் ஒரே கணக்கைப் பலருக்கு விற்கிறார்கள். திருட்டுக் கார்டில் வாங்கிய கேம்கள் அதில் இருந்தால், வங்கி பணத்தைத் திரும்பப் பெற்றதும் கணக்கே முடக்கப்படும். கணக்கை விற்பதும் வாங்குவதும் விதிமீறல் என்பதால் புகார் சொல்லவும் இடமில்லை. பாதி விலைக்குக் கிஃப்ட் கார்டு கோடு விற்பவர்களிடமும் இதே அபாயம் உண்டு. ஐந்து, பத்து சதவீதம் குறைவு என்றால் நம்பலாம், அதுவும் அங்கீகாரம் பெற்ற கடையாக இருந்தால். பாதி விலை என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும்.

விலை குறைவான நாட்டின் ஸ்டோரில் கணக்குத் தொடங்குவது இன்னொரு பழைய வித்தை. அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. நிண்டெண்டோவின் ஜப்பான் ஸ்டோர் 2025 மார்ச்சிலிருந்து வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்பதில்லை. பிளேஸ்டேஷனில் ஒரு கணக்கைத் தொடங்கிய பிறகு அதன் நாட்டை மாற்றவே முடியாது.

சந்தா, பணம் திரும்பப் பெறுதல்

மாதக் கட்டணத்துக்கு ஒரு பட்டியல் கேம்களை ஆடத் தரும் எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ், பிளேஸ்டேஷன் பிளஸ் போன்ற சந்தாக்கள் மாதம் இரண்டு கேம் முடிப்பவருக்கு லாபம். மூன்று மாதமாக ஒரே கேமை ஆடுபவருக்கு அது வாடகை. விலையும் நிலையாக இருக்காது. 2025 அக்டோபரில் கேம் பாஸின் மேல்தட்டுச் சந்தாவான அல்டிமேட் அமெரிக்காவில் ஒரே அடியில் 50 சதவீதம் ஏறியது. சந்தா வைத்திருப்பவர்கள் செய்யும் வேடிக்கையான தவறு, பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் கேமைச் சேலில் காசு கொடுத்து வாங்குவது. வாங்கும் முன் ஒரு முறை தேடுங்கள். பிளஸ்ஸில் மாதந்தோறும் தரும் கேம்களை, ஆடாவிட்டாலும் அந்த மாதமே உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். சந்தா இருக்கும் வரை அவை இருக்கும்.

கடைசியாக, டிஜிட்டலில் அவசரப்பட்டு வாங்கிவிட்டால் என்ன செய்வது? பிளேஸ்டேஷனில் 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் டவுன்லோட் தொடங்கியிருக்கக் கூடாது. கேமே பழுதாக இருந்தால்தான் விதிவிலக்கு. வாங்கியதும் தானாக இறங்கும்படி கன்சோலை வைத்திருந்தால், நீங்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே அந்த உரிமை போய்விடும். அமைப்புகளில் தானியங்கி டவுன்லோடை அணைத்து வையுங்கள். வாங்கிய அடுத்த நாள் காலையிலும் அந்த கேம் வேண்டும் என்று தோன்றினால், டவுன்லோடை நீங்களே தொடங்கிக்கொள்ளலாம்.