பழைய காருக்குப் புது பெட்ரோல் டேங்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரில் பெட்ரோல் டேங்க்கை மாற்றுவது அவ்வளவு பெரிய வேலை இல்லை. இரண்டு பட்டை, சில போல்ட், ஒன்றிரண்டு ஹோஸ், ஒரு ஒயர். ஆனால் எல்லாம் மாட்டி, பெட்ரோலும் ஊற்றிய பிறகு மீட்டர் முள் அசையவில்லை என்றால் அத்தனையையும் மறுபடி இறக்க வேண்டும். அதுவும் இந்த முறை பெட்ரோலோடு. இப்படி இரண்டாம் தடவை இறக்க வைக்கிற தவறுகளில் பெரும்பாலானவை, டேங்க் தரையில் இருந்தபோதே பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஆகவே இந்த வேலையில் ஒழுங்காகப் பின்பற்ற வேண்டியது ஒன்றுதான்: எதை எப்போது சோதிக்கிறோம் என்கிற வரிசை.

உயிரோடு விளையாடும் தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். காலி டேங்க் ஆபத்தில்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. எரிவது பெட்ரோல் திரவம் அல்ல, அதன் ஆவி. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்க்குக்குள் ஆவி மிகச் செறிவாக இருப்பதால் எரியத் தேவையான காற்று அங்கே இருக்காது. காலி செய்து திறந்து வைத்த டேங்க்கில்தான் கலவை எரியும் அளவுக்கு வந்து நிற்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளமான இடத்தில் தேங்கும். அதனால் காருக்கு அடியில் குழி வெட்டிய ஷெட்டில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. திறந்த வெளியில் செய்யுங்கள். சூடாகும் குண்டு பல்பு விளக்கைக் காருக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். டேங்க்கைத் தொடும் முன்பே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் தீக்கு ஏற்ற பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் கடுமையான அழற்சி வரும். கையால் அழுத்தும் சைஃபன் பம்ப் போதும். பெட்ரோலைப் பிடிக்கும் கேனைத் தரையில் வைத்தே பிடியுங்கள். வண்டிக்குள்ளோ கார்ப்பெட் மேலோ வைத்தால் நிலை மின்சாரம் பொறி கிளப்பலாம். பழைய டேங்க்கை 'நன்றாகக் கழுவியாச்சு, வெல்டு வைத்துவிடலாம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மடிப்புகளிலும் துருவின் துளைகளிலும் பெட்ரோல் ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் ஆவியாக வெளியே வரும். அதற்கென்றே வசதி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

சரி, இனி பணத்தையும் நேரத்தையும் தின்னும் தவறுகள்.

முள் வேலை செய்யவில்லை என்றதும் டேங்க்குக்குள் இருந்து பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் சென்டிங் யூனிட்தான் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்குவது மிகப் பரவலான தவறு. டேங்க் யூனிட் என்றும் இதைச் சொல்வார்கள். ஒரு மிதவை, ஒரு கை, அந்தக் கை நகரும்போது மாறும் மின்தடை, அவ்வளவுதான் அதற்குள் இருப்பது. கோளாறு மீட்டரில் இருக்கலாம், ஒயரில் இருக்கலாம், எர்த்தில், அதாவது மின்சாரம் காரின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பில், இருக்கலாம். ஃபோர்டு, கிறைஸ்லர் கார்கள் பலவற்றில் டேஷ்போர்டுக்குப் பின்னால் சிறிய வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒன்று உண்டு, மீட்டர்களுக்குச் சராசரியாக 5 வோல்ட் கொடுக்கும். ஸ்மித்ஸ் மீட்டர் வைத்த பிரிட்டிஷ் கார்களில் அதே வேலையைச் செய்யும் ஸ்டெபிலைசர் 10 வோல்ட் கொடுக்கும். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தாற்போல் ஏறியோ இறங்கியோ காட்டினால் குற்றவாளி அந்த ரெகுலேட்டர்தான். டேங்க்கை இறக்கவே வேண்டாம்.

பழைய டேங்க் மூடியபடி காரிலேயே இருக்கும்போது யூனிட்டின் ஒயரைக் கழற்றிச் சாவியைப் போட்டுப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் காரில் முள் 'ஃபுல்'லையும் தாண்டிப் போக வேண்டும். ஃபோர்டு, கிறைஸ்லரில் 'எம்ப்டி'யில் கிடக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால் கோளாறு டேங்க்குக்கு வெளியே இருக்கிறது. ஒயரை நேராக எர்த்தில் தொட்டும் சிலர் பார்ப்பார்கள். ஃபோர்டு வகை மீட்டரில் அப்படியே பிடித்து வைத்தால் மீட்டர் கருகும். நடுவில் 10 ஓம் (மின்தடையின் அளவு) ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் முள் 'ஃபுல்'லுக்கு வந்து நிற்கும், மீட்டரும் பிழைக்கும். டேங்க் திறந்திருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள், ஒயரைத் தொடும்போது வரும் சிறு பொறியே போதும்.

ஓம் கணக்கு பொருந்தாத யூனிட்

இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். துளையில் உட்கார்ந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் யூனிட்டின் மின்தடை மீட்டர் எதிர்பார்க்கும் மின்தடையோடு ஒத்துப்போக வேண்டும். 1965-க்குப் பிறகு வந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பெரும்பாலும் காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம். அதற்கு முந்தையவற்றில் பொதுவாக 0 முதல் 30 வரை. 1980-களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோர்டு, கிறைஸ்லர் கார்களில் கணக்கு தலைகீழ்: காலிக்குச் சுமார் 73, நிறைவுக்கு 10. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் யூனிட்களில் நிறைய 240-இலிருந்து 33-க்கு இறங்குபவை. வி.டி.ஓ. கம்பெனி மீட்டர்களில் 10-இலிருந்து 180-க்கு ஏறும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 0–30 மீட்டருக்கு 0–90 யூனிட் போட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் மிஞ்சும் வரை முள் 'ஃபுல்'லிலேயே நிற்கும், அப்புறம் சரசரவென்று இறங்கும். ஃபோர்டு மீட்டருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் யூனிட் போனால் இன்னும் மோசம்: டேங்க் காலியாகும்போது முள் 'ஃபுல்'லைக் காட்டும். கடைக்காரர் சொல்வதை வைத்தோ பெட்டியில் எழுதியிருப்பதை வைத்தோ வாங்காமல், மல்டிமீட்டரை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். மிதவைக் கையை அடியிலிருந்து மேல் வரை மெதுவாக நகர்த்தும்போது எண் தாவாமல், நடுவில் அறுந்துபோகாமல் சீராக மாற வேண்டும்.

பிறகு அதே யூனிட்டை, டேங்க்குக்குள் போடும் முன், காரின் ஒயரோடு சேர்த்து, யூனிட்டின் உடம்பை எர்த் செய்து, மிதவையைக் கையால் உயர்த்திப் பாருங்கள். உதவிக்கு ஒருவர் மீட்டரைப் பார்த்துச் சொல்லட்டும். பெட்ரோல் வாடையே இல்லாத இடத்தில் செய்ய வேண்டிய சோதனை இது. பேட்டரியை இதற்காக மாட்டியிருந்தால் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஃபோர்டு வகை மீட்டர்கள் மெதுவாகவே நகரும், முள் நிற்கும் வரை பொறுத்திருங்கள். பார்சலில் வளைந்து வந்த மிதவைக் கை பழைய யூனிட்டோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். அதனால் புதியது வேலை செய்கிறது என்று உறுதியாகும் வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பல நேரங்களில் நகல் பாகங்களைவிடக் காரோடு வந்த அசல் யூனிட்டைச் சரிசெய்து போடுவதே மேல் என்பது என் கருத்து. பழைய பித்தளை மிதவையைக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. சத்தம் வராவிட்டால், பெட்ரோல் வாடை போகக் கழுவிக் காய வைத்துச் சுடுதண்ணீரில் அமிழ்த்துங்கள், குமிழி வரும் இடத்தில் ஓட்டை. இன்னும் பழைய கார்களில் அரக்கு பூசிய கார்க் மிதவை இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். மிதவை ஊறிக் கனத்து, முள் எப்போதும் குறைவாகவே காட்டும்.

புது டேங்க், புது எர்த் பிரச்சினை

யூனிட்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு ஒயர்தான். மின்சாரம் திரும்பிப் போக வேண்டிய வழி டேங்க்கின் இரும்பும் காரின் பாடியும். புது டேங்க்கில் தடிமனாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள், பட்டைக்கு அடியில் புது ரப்பர் வைத்திருப்பீர்கள், டேங்க் காரிலிருந்து மின்சாரரீதியாகப் பிரிந்தே போய்விடும். ஜெனரல் மோட்டார்ஸ் மீட்டர் 'ஃபுல்'லைத் தாண்டும், ஃபோர்டு மீட்டர் 'எம்ப்டி'யில் படுக்கும், எல்லாரும் புது யூனிட்டைத் திட்டுவார்கள். யூனிட்டின் உடம்பிலிருந்து சேஸிஸின் சுத்தமான இரும்புக்குத் தனி எர்த் ஒயர் ஒன்றை இழுத்துவிடுங்கள். டேங்க் மேலே போவதற்குள் செய்தால் மிக எளிய வேலை. பெட்ரோல் ஊற்றும் கழுத்துக்கும் பாடிக்கும் நடுவே எர்த் பட்டை இருந்தால் அதையும் மறக்காமல் மாட்டுங்கள், நிலை மின்சாரத்தைக் கடத்திவிடுவதுதான் அதன் வேலை.

யூனிட்டைப் பூட்டும் வளையத்தை எஃகு உளியாலும் சுத்தியலாலும் தட்டித் திருப்பாதீர்கள். பொறி பறக்காத பித்தளைக் கம்பியோ கெட்டியான மரக்கட்டையோ போதும். பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடாதீர்கள். சாதாரண சிலிகான் சீலன்ட்டையும் பூசாதீர்கள்: பெட்ரோலில் அது ஊதி, பிய்ந்து, துணுக்குகளாக ஃபில்டருக்குப் போகும். சில கார்களில் யூனிட் டேங்க்கின் பக்கவாட்டில் இருக்கும். அங்கே ரப்பர் வளையம் பெட்ரோலையே தடுத்து நிறுத்த வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் ஒழுகும். 1960-களின் மஸ்டாங் போன்றவற்றில் டேங்க்கின் மேல்பகுதியே டிக்கியின் தரை. அங்கே ஓரத்து சீலிங்கை அலட்சியம் செய்தால் ஆவி நேராக இருக்கைகள் பக்கம் வரும்.

மூச்சுக்குழாயைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போயாக வேண்டும். அமெரிக்காவில் 1970-71 வாக்கில் பெட்ரோல் ஆவியை வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. அதற்கு முந்தைய டேங்க்குகள் பல மூடி வழியாகவே மூச்சு விட்டன, பிந்தையவற்றுக்குத் தனிக் குழாய்கள் உண்டு. முந்தைய டேங்க்குக்குப் பிந்தைய மூடியைப் போட்டால் உள்ளே வெற்றிடம் உருவாகும். கொஞ்ச தூரம் ஓடியதும் எஞ்சின் திணறி நிற்கும், மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று இழுக்கும், மறுபடி ஓடும். கார்ப்பரேட்டரையும் பம்பையும் பிரித்துப் போட்டுத் தேட வைக்கும் கோளாறு இது. டேங்க்கே உள்நோக்கி நசுங்குவதும் உண்டு. ஆர்டர் செய்யும்போதே வருடத்தையும் குழாய்களின் எண்ணிக்கையையும் சரிபாருங்கள்.

டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் இடத்தில் சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போடாதீர்கள். வெளிப்பக்கமும் பெட்ரோலைத் தாங்கும்படி செய்த ஹோஸ் வேண்டும், ஜே30 ஆர்10 என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். வெளியே உள்ள பழைய ஹோஸ்களை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். பட்டைகளுக்கு அடியில் ஈரம் குடிக்கும் துணியோ ஃபெல்ட்டோ வேண்டாம், ரப்பர் போடுங்கள். பழைய டேங்க்குகள் மேல்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாவதற்குக் காரணமே டேங்க்குக்கும் பாடிக்கும் நடுவே சேரும் மண்ணும் ஈரமும்தான். டேங்க் கீழே இருக்கிறபோதே அந்த இடத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடுங்கள், இந்த வாய்ப்பு அடிக்கடி வராது. பட்டையை அளவுக்கு மீறி முறுக்கினால் டேங்க்கின் அடி உள்வாங்கி, மிதவை இடிக்கத் தொடங்கும்.

புது டேங்க் என்பதால் உள்ளே சுத்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயும் உலோகத் துகளும் கிடக்கலாம். கொஞ்சம் பெட்ரோலை விட்டு அலசிக் கொட்டுங்கள். பழைய டேங்க்கிலிருந்து வடித்த பெட்ரோலைப் புதியதில் ஊற்ற வேண்டாம்.

மேலே ஏற்றிய பிறகு ஒரேயடியாக நிரப்பாதீர்கள். சில லிட்டர் ஊற்றி, இணைப்புகள் எல்லாவற்றையும் காய்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள். கசிவு இல்லை, வாடையும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேட்டரியை இணைக்க வேண்டும். அப்புறம் கால், அரை என்று படிப்படியாக நிரப்பி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேல்பக்கத்துக் கசிவுகள் டேங்க் நிறைந்தால் மட்டுமே காட்டிக்கொடுக்கும் என்பதால், முழுதாக நிரப்பிய அன்று காரை வீட்டு ஷெட்டுக்குள் பூட்டி வைக்காமல் வெளியே நிறுத்துங்கள். பழைய குழாயில் ஒட்டியிருந்த துரு இப்போது கிளம்பி வரும், ஆகவே வேலையோடு போட்ட ஃபில்டரைச் சில வாரங்களில் இன்னொரு முறை மாற்றுங்கள்.