கடலில் போட்ட ரீலைக் கழுவும் முறை

கொழும்பில் காலிமுகத்திடலிலோ முகத்துவாரத்திலோ தூண்டில் போட்டுவிட்டு வந்தால் ரீலை (தூண்டில் நூலான லைனைச் சுற்றும் கருவியை) அன்றைக்கே கழுவுங்கள். காய்ந்து படிந்த உப்பு லேசில் போகாது. முதலில் டிராக் குமிழை (மீன் இழுக்கும்போது லைன் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைப்பது) நன்றாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் அதன் உள்ளே உள்ள வாஷர்களுக்குள் தண்ணீர் இறங்கும். பைப்பை மெல்லத் திறந்து தூறல்போல் விட்டால் போதும். பீச்சியடித்தால் உப்பை நீங்களே பேரிங்குக்குள் தள்ளுகிறீர்கள். வாளியில் ஊறப்போடுவதும் அதே கேடுதான். உதறி, துவாயால் ஒற்றி, டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவிடுங்கள். இறுக்கியபடியே வைத்தால் வாஷர் நசுங்கி, மீன் இழுக்கும்போது லைன் வெட்டி வெட்டிப் போகும்.

பெரும்பாலும் முதலில் இறுகுவது லைன் ரோலர், அதாவது லைன் உரசி ஓடும் சிறு உருளை. விரல்நுனியால் உருட்டிப் பாருங்கள்: சுற்றாவிட்டால் லைன் அதிலேயே உரசித் தேயும். அங்கே ரீல் எண்ணெய் ஒரேயொரு சொட்டு (டைவா நிறுவனத்தின் மேக்சீல் எனும் காந்த எண்ணெய் அடைப்புள்ள ரோலருக்கு மட்டும் வேண்டாம்). உள்ளே பற்சக்கரத்துக்குக் கிரீஸ்தான், எண்ணெய் வழிந்துவிடும்.