‘ஐடென்டிகல்’ என்று எழுதும் முன்

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு ஆங்கிலக் கடிதம் எழுதித் தருவது என் வேலை. அதில் என்னை அதிகம் படுத்தியது ஒப்பிட்டு எழுதுவதுதான். தமிழில் ‘போல’, ‘விட’, ‘அதே’ இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்துச் சொல்லை எடுக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, ‘தி டைல்ஸ் வில் பி ஐடென்டிகல் டு தி சாம்பிள்’ என்று எழுதினேன். சரக்குப் போய்ச் சேர்ந்ததும் சாம்பிளையும் புதுக் கல்லையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ அனுப்பிவிட்டார். சிவப்பு ஒரு சாயல் கூடுதல். எங்கள் கல் சூளையில் வேகிறதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, அப்புறம் கலவை போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறோம். கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறத்தான் செய்யும். ‘ஐடென்டிகல்’ என்றால் இம்மியும் மாறாதது. தப்பு என்னுடையது. இப்போது ‘க்ளோஸ்லி சிமிலர் டு தி சாம்பிள், வித் ஸ்லைட் வேரியேஷன்ஸ் இன் ஷேட்’ என்றுதான் எழுதுகிறேன்.

அளவு சரியாக நிற்கும் இடத்தில் ‘ஈக்குவல் டு’ போடலாம். 10 அங்குலம் என்பது 254 மில்லிமீட்டர்; அதில் கூடுதல் குறைச்சல் கிடையாது. உருவம் வேறு, மதிப்பு ஒன்று என்றால் ‘ஈக்விவலன்ட் டு’. ரூபாய் விலைக்கு டாலர் சொல்லும்போது அதற்கு முன்னால் ‘அப்ராக்சிமேட்லி’ சேர்த்துவிடுங்கள். ஒரே தரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்கிற அளவுக்குத்தான் உறுதி இருந்தால் ‘காம்பரபிள் டு’. ‘சேம்’ வந்தால் பின்னால் ‘ஆஸ்’ வரும். ‘சேம் லைக்’ நம் ‘அதே போல’யிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பிடிபட நாளான விஷயம் ஒன்று. ‘தி கலர் ஆஃப் அவர் டைல்ஸ் இஸ் ரிச்சர் தேன் ஃபேக்டரி டைல்ஸ்’ என்று எழுதினால், நிறத்தைக் கொண்டுபோய்க் கல்லோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘எங்கள் கல்லின் நிறம் ஃபேக்டரி கல்லைவிட அடர்த்தி’ என்று தமிழில் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘தேன் தட் ஆஃப் ஃபேக்டரி டைல்ஸ்’ என்று நிறத்துக்கு நிறத்தையே எதிரில் நிறுத்த வேண்டும். ‘கலர்ஸ்’ என்று பன்மையில் தொடங்கினால் ‘தோஸ் ஆஃப்’.

தமிழில் ‘தடிமன்’ மாறாது, ‘விட’ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் ‘திக் தேன்’ என்று கை ஓடுகிறது. ‘திக்கர் தேன்’ என்பதுதான் சரி. ‘மோர் திக்கர்’ வேண்டாம். ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’, ‘சீனியர்’ மூன்றுக்கும் ‘தேன்’ கூடாது, ‘டு’தான்.

மடங்குக் கணக்கில் ரொம்பக் கவனம் வேண்டும். போன ஆர்டர் 1,000 சதுர அடி, இந்தத் தடவை 3,000. ‘த்ரீ டைம்ஸ் ஆஸ் லார்ஜ் ஆஸ்’ என்று எழுதினால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான். ‘த்ரீ டைம்ஸ் லார்ஜர் தேன்’ என்றால், மூன்று மடங்கைக் கூட்டி 4,000 என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இரண்டைப் பக்கத்தில் வைத்துச் சோதிப்பது ‘கம்பேர் வித்’: புதுக் கல்லைச் சாம்பிளோடு பார்த்தோம் என்பதற்கு இது. ஒன்றை இன்னொன்றாக உவமை சொல்வது ‘கம்பேர் டு’: செட்டிநாட்டு வீட்டுத் தரையைக் கம்பளம் என்கிறார்களே, அதற்கு இது.

கடிதம் முடிந்ததும் மேஸ்திரி அண்ணனிடம் தமிழில் வாசித்துக் காட்டுவேன். போன வாரம் பச்சைக் கல்லுக்கு ‘சேம் ஷேட்’ என்று எழுதியிருந்தேன். “அதே பச்சைன்னு சொல்லாதீங்க, தம்பி. கிட்டத்தட்டன்னு சொல்லுங்க” என்றார். ‘சிமிலர் ஷேட்’ என்று மாற்றித்தான் அனுப்பினேன்.